‘காபி சாப்பிடறீங்களா?’ என்று கேட்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, மரியாதை, உபசாரம், இங்கிதம் என்று ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. எனவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மரியாதை, இங்கிதம், நாகரிகம், பண்பு – நான்கும் ஒன்றுதானே? எதற்கு இத்தனை சொற்கள்?
– வாசகர், கும்பகோணம்

பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு. ‘மரியாதை’ வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு எல்லை, கரை என்று பொருள். ‘மரியாதையாப் பேசு’ என்று ஒருவர் குரலை உயர்த்தும்போது, ‘எல்லை தாண்டாதே’ என்பதைத்தான் சொல்கிறார்.

‘இங்கித’மும் வடமொழிதான். மனத்தில் இருப்பதை வெளியே காட்டிக்கொடுக்கும் குறிப்பு என்பது அதன் பொருள். பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுக்களையில் குக்கர் விசில் அடிக்கிறது. பிள்ளை பள்ளிச் சீருடையோடு வந்து நிற்கிறது. அப்போதும் எழுந்திருக்காதவரை ‘இங்கிதம் தெரியாதவர்’ என்கிறோம். அவர் தவறாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. குறிப்பைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது அரசவையில் இருப்போருக்கு, 110ஆவது காதலர்களுக்கு.

‘நாகரிகம்’ என்றால் இன்று உடையும் நகரத்து நடையும்தான் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவர் அதைக் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (580) வைத்தார். பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், முகத்தை முறிக்க மனம் வராமல் அதை உண்டு அமைவார்களாம் ‘நயத்தக்க நாகரிகம்’ வேண்டுபவர்கள். தாட்சண்யத்தின் உச்சம் அது. பண்புக்கோ கலித்தொகையின் 133ஆம் பாட்டு சுருக்கமாக இலக்கணம் சொல்லிவிடுகிறது: ‘பாடறிந்து ஒழுகுதல்’. எதிரில் இருப்பவரின் நிலை என்ன, இடம் எது, உலக வழக்கு எது என்று அறிந்து அதற்கேற்ப நடப்பது. கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தப் பாடறிவது எப்படி என்பதைப் பற்றியவைதான்.

வெளிநாட்டில் படிக்கும் என் மகள், ‘தமிழர்களுக்கு ப்ளீஸ், தேங்க்ஸ் சொல்லத் தெரியாது’ என்கிறாள். உண்மையா?
– வாசகி, மதுரை

உங்கள் மகள் தனிச் சொல்லைத் தேடுகிறார். தமிழில் அந்த வேலையைச் செய்வது வினைச்சொல்லின் வால். தண்ணீர் கேட்பதையே பாருங்கள். ‘தண்ணி கொடு’ என்பது ஏவல். ‘கொடுங்க’ என்றதும் எதிரில் இருப்பவர் உயர்ந்துவிடுகிறார். ‘கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்’ என்பதில் ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்கவில்லை. கேட்பதன் பாரத்தைக் குறைக்கிறது. கடைசியில் வரும் ‘ஏன்’ கட்டளையை விருப்பமாக மாற்றிவிடுகிறது. ‘கொடுக்கிறீங்களா’ என்றால் ஆம், இல்லை இரண்டுக்கும் இடம் வந்துவிட்டது. ‘தண்ணி கிடைக்குமாங்க’ என்பதுதான் இவற்றில் மிக நயமானது. அதில் கொடுப்பவரே இல்லை. இல்லையென்றால் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அவர் மறுத்ததாக ஆகாது. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்பவர்கள் யாரும் சொல்லித்தராமலே இப்படிக் கேட்பது இதனால்தான்.

‘தயவுசெய்து’ எழுத்தில் நன்றாக இருக்கும். பேச்சில் அது ஒன்று கெஞ்சலாகிவிடும், இல்லாவிட்டால் கோபமாகிவிடும். ‘தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய போறீங்களா’ என்பதில் தயவும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. எனவே பேசும்போது வினையின் வாலையே நம்புங்கள்.

நன்றி வேறு கதை. நம் வழக்கில் அது சொல்வதற்கு உரியதைவிட மறக்காமல் இருப்பதற்கு உரியது. அம்மாவிடம் ‘நன்றி அம்மா’ என்றால் அவர் எட்டி நிறுத்தப்பட்டதுபோல் உணரலாம். வீட்டுக்குள் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதுதான் பொருந்தும்: ‘ரசத்துல மிளகு சரியா இருந்துச்சு’, ‘நல்ல நேரத்துல குடையைக் கொண்டு வந்தே’. ஆனால் இதையே சாக்காக வைத்து வெளியாரிடமும் வாய் திறக்காமல் இருப்பது தவறு. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கி வந்தவர், பெட்டியை இறக்கிக் கொடுத்த நடத்துநர், உணவு கொண்டுவந்த பையன் – இவர்களிடம் ‘ரொம்ப நன்றிங்க’ அல்லது ‘தேங்க்ஸ்ங்க’ சொல்லியே ஆகவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனைப் பார்த்தபடி சொல்லும் நன்றி கதவைத் தாழிடும் சத்தம்போலத்தான் கேட்கும்.

ஓர் எச்சரிக்கை: குரலில் இருக்கும் பணிவு வாட்ஸ்அப்பில் போய்ச் சேராது. ‘அந்த ஃபைலை அனுப்புங்க’ நேரில் சாதாரணப் பேச்சு, திரையில் அதிகாரம். ‘முடிஞ்சா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த ஃபைலை அனுப்ப முடியுமா?’ என்று நேரமும் சலுகையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்குக் கீழே வேலை செய்பவர் என்னைவிட 15 வயது மூத்தவர். ‘நீ’ என்பதா, ‘நீங்க’ என்பதா? ‘நீங்க’ என்றால் வேலை வாங்க முடியாது என்கிறார் என் மேலாளர்.
– வாசகர், கோவை

‘நீங்க’. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதிலும் பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ சேர்க்கும் கொங்கு மண்ணில் இருந்துகொண்டு இந்தச் சந்தேகம் வேண்டாம்.

வேலை வாங்குவதற்கும் ஒருமைக்கும் தொடர்பில்லை. வேலை நடப்பது, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், எந்த அளவில் என்பது தெளிவாக இருந்தால். ‘இந்த அறுபது பெட்டியும் நாலு மணிக்குள்ள லாரியில ஏறணுங்க’ என்பதில் மரியாதையும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது. தவறு நடந்தால் தனியாக அழைத்து, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டு, பிறகு தோளில் கை போட்டுச் சமாதானம் சொல்வது கணக்கை நேர் செய்யாது. அவமானம் பத்துப் பேர் முன்னால், சமாதானம் தனியாக அல்லவா நடந்தது?

யாரை ‘நீ’ என்று அழைக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அவரும் உங்களைத் திருப்பி ‘நீ’ என்றால் உங்களுக்கு உறுத்தாதா? உறுத்தாது என்றால் அது நட்பின் ஒருமை. உறுத்தும் என்றால் அது அதிகாரத்தின் ஒருமை. இதேபோல, ஆள் இல்லாத இடத்திலும் ‘அவர்’ ‘அவர்’ஆகவே இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே ‘வாங்கண்ணே’, அவர் நகர்ந்ததும் ‘அவன் வந்துட்டுப் போறான்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள் தங்களுக்கும் அதே கதிதான் என்று புரிந்துகொள்வார்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் இந்த இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ என்று இன்னொரு படி பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘நீர் வாரும், இரும்’ என்பதில் ‘நீங்க’ளின் தூரமும் இல்லை, ‘நீ’யின் உரிமையும் இல்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த நடுப்படி பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டதால் நாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் உயர்ந்ததைத் தேருங்கள். பிறகு இறங்குவது எளிது, ஏறுவது கடினம்.

உறவுமுறை சொல்லி அழைப்பதிலும் ஒரு கவனம்: வயதைக் குறைத்தே மதிப்பிடுங்கள். ‘அக்கா’ என்று அழைத்ததற்காக எந்த அம்மாவும் கோபித்துக்கொண்டதில்லை. நாற்பது வயதுப் பெண்ணை ‘பாட்டி’ என்பது அப்படியல்ல.

மரியாதை என்பதே மேல்கீழ் பார்ப்பதுதானே? அதை ஏன் தூக்கிப்பிடிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

இந்தக் கோபத்துக்கு வலுவான காரணம் உண்டு. தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்னதும், தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்ததும், எழுபது வயது மனிதரை ஏழு வயதுச் சிறுவன் ‘வாடா’ என்றதும் ‘மரியாதை’ என்ற பெயரில்தான் நடந்தன. பெரியார் 1925இல் தொடங்கிய இயக்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருப்பதைக் கவனியுங்கள்: சுயமரியாதை. அவர் மரியாதையை வேண்டாம் என்று தள்ளவில்லை. ஒரு சிலருக்கு மட்டும் போய்க்கொண்டிருந்ததை எல்லோருக்கும் உரியது என்றார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. இன்று தமிழ்நாட்டில் ஒருவரின் பெயரைக் கேட்டதும் பெரும்பாலும் சாதி தெரிவதில்லை. அறிமுகமாகும் முதல் நிமிடத்திலேயே ஒரு மனிதரை எடைபோடாமல் இருக்க இது எவ்வளவு பெரிய உதவி! அண்ணா முதல்வராக இருந்த 1967–69 ஆண்டுகளில் அரசு வழக்கில் ‘ஸ்ரீ’யின் இடத்துக்கு ‘திரு’ வந்ததும் இந்த வரிசையில் சேரும்.

எனவே மேல்நோக்கி மட்டும் போவதை மரியாதை என்று ஏற்காதீர்கள். அது பயம், அல்லது காரியம். ஒருவரின் பண்பை அளக்க, அவரிடம் எதையும் வற்புறுத்த முடியாதவர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது? அவர் அதை எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? வீட்டுப் பிள்ளைகள் அவரை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? மாற்ற வேண்டும் என்றால் பிள்ளைகளைத் திருத்துவதில் தொடங்காதீர்கள். பெரியவர்கள் ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று பேசத் தொடங்கினால் போதும். பிள்ளைகள் காதில் விழுந்ததைத்தான் பேசுவார்கள்.

வீட்டுக்கு வருபவரிடம் ‘காபி சாப்பிடறீங்களா?’ என்று கேட்பது தவறு என்கிறார் என் மாமியார். கேட்காமல் எப்படிக் கொடுப்பது?
– வாசகி, ஈரோடு

உங்கள் மாமியார் சொல்வதில் நுட்பம் இருக்கிறது. ‘சாப்பிடறீங்களா?’ என்றால் ஆம் என்று சொல்லும் பொறுப்பு விருந்தாளியின் தலையில் விழுகிறது. ‘ஆமா, கொடுங்க’ என்று முதல் தடவையே சொல்லக் கூச்சப்படாதவர்கள் நம்மில் குறைவு. ‘இப்பதான் குடிச்சேன்’ என்பார். நீங்களும் சரி என்று விட்டுவிட்டால், அவர் தொண்டை காய்ந்தபடியே திரும்புவார்.

முதலில் தண்ணீர். அதைக் கேட்கவே கூடாது, கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வந்த காரியத்தை விசாரிக்கும் முன் தண்ணீர் கைக்கு வந்துவிட வேண்டும். டம்ளரின் விளிம்பிலோ உள்ளேயோ விரல் படாமல், அடிப்பாகத்தைப் பிடித்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி ஊற்றிக் கொடுங்கள். தளும்பத் தளும்ப இருந்தால் வாங்குபவரின் சட்டையில் கொட்டும், அவர்தான் வெட்கப்படுவார். வெயிலில் வந்தவருக்கு ஐஸ் தண்ணீரை நேரடியாகக் கொடுக்காமல் பானைத் தண்ணீர், அல்லது இரண்டையும் கலந்து கொடுங்கள்.

அடுத்து, ‘காபியா, டீயா, மோரா?’ என்று கேளுங்கள். இப்போது கேள்வி ‘வேண்டுமா’ என்பதல்ல, ‘எது’ என்பது. ‘எதுக்குங்க சிரமம்’ என்ற பதில் வந்தால் கொண்டுவரலாம் என்று பொருள். ‘ஒண்ணும் வேண்டாங்க’ என்றால் இன்னொரு முறை கேளுங்கள். ஆனால் மறுப்போடு காரணமும் வந்துவிட்டால், ‘டாக்டர் காபி கூடாதுன்னுட்டார்’, ‘இன்னிக்கு விரதம்’ என்பதுபோல, அங்கே நின்றுவிட வேண்டும். மூன்றாவது வற்புறுத்தல் உபசாரம் அல்ல, உபத்திரவம். ‘ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிடாது’ என்ற வாக்கியத்தை நம் வீடுகளிலிருந்தே எடுத்துவிடலாம். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை அது தினமும் சங்கடப்படுத்துகிறது. சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் கரண்டியோடு வைத்துவிட்டால் ‘உங்களுக்கு ஷுகரா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கும் தேவையும் இல்லை.

கூடத்தில் உட்கார்ந்தபடி ‘ரெண்டு காபி!’ என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுக்கும் ஆண்களுக்கு ஒரு சொல்: விருந்தாளி உங்கள் நண்பர் என்றால், எழுந்து போய் நீங்கள் போட்டுக் கொண்டுவாருங்கள். குரல் கேட்டு ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு வருவதைப் பார்க்கும் விருந்தாளிக்குக் காபி இனிக்காது.

வழியனுப்பும்போது வாசல் வரை செல்லுங்கள். அவர் தெருவில் நாலடி வைப்பதற்குள் கதவைத் தாழிடுவதும், வாசல் விளக்கை அணைப்பதும் அதுவரை செய்த உபசாரத்தை எல்லாம் அழித்துவிடும். வண்டி கிளம்பும் வரை விளக்கு எரியட்டும்.

சர்க்கரை நோயாளி நான். போகிற வீட்டிலெல்லாம் இனிப்பு நீட்டுகிறார்கள். மறுத்தால் முகம் வாடுகிறது.
– வாசகர், சேலம்

தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு அல்ல. உட்கார்ந்ததும் ‘எனக்குச் சர்க்கரை இல்லாம ஒரு டீ மட்டும் போதும்’ என்று நீங்களாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், கொடுத்த திருப்தி அவர்களுக்குக் கிடைத்துவிடும். வெறுமனே ‘வேண்டாம்’ என்பதுதான் வாட்டம் தருகிறது. வீட்டில் செய்த பலகாரம் என்றால் ‘பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போறேன்’ என்று பொட்டலமாக வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் இளைஞர்கள் பந்தி பரிமாற முன்வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர முறையான குறிப்புகள் தேவை.
– வாசகர், திண்டுக்கல்

நல்ல முயற்சி. பரிமாறுவது கை வேலை என்பதைவிடக் கண் வேலை.

இலையின் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அகன்ற பகுதி வலப்பக்கம் வந்தால்தான் வலக்கையால் பிசைய இடம் கிடைக்கும். கிழிந்த இலையை ‘அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ என்று போடாதீர்கள்; குழம்பு வேட்டியில் ஓடும். இலையின் மேல்பாதி உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு, வடை போன்றவற்றுக்கு, கீழ்ப்பாதி சோற்றுக்கு. வரிசை ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். அதை அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பந்திக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பந்தி நடுவே ‘பாயசம் முதலா கடைசியா’ என்று கத்திக் கேட்பது வீட்டுக்காரருக்கு மானக்கேடு.

ஒருவருக்கு ஒரு பாத்திரம். கரண்டி இலையைத் தொடக் கூடாது, சோற்றையும் தொடக் கூடாது. நான்கு விரற்கடை உயரத்திலிருந்து விழட்டும். ரசத்தை இன்னும் தாழ்த்தி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து இலைக்குத் தெறிக்கும். சாம்பார் ஊற்றும் முன் சாப்பிடுபவர் சோற்றில் குழி செய்யும் வரை ஒரு நொடி நில்லுங்கள். தலைக்கு மேலாகப் பாத்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். ‘போதுமா?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேளுங்கள். முன்னது நிறுத்தச் சொல்கிறது, பின்னது கொடுக்க வருகிறது. இலைக்கு மேல் கை விரிந்துவிட்டால் கரண்டி பின்வாங்க வேண்டும். வற்புறுத்தி வைத்த சோறு இலையோடு குப்பைக்குத்தான் போகும்.

வரிசையின் கடைசியில் இருப்பவரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் இருப்பவர் மோருக்கு வரும்போது கடைசி ஆளுக்கு இரண்டாம் சோறு வந்திருக்காது. இதைத் தவிர்க்க, மறுசோற்றைக் கடைசி இலையிலிருந்து தொடங்கி முன்னால் வாருங்கள். முதியவர், தனியாக வந்தவர், சின்னக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் – இவர்கள் குரல் கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அவர்கள் இலையில் உங்கள் கண் அடிக்கடி போகட்டும். அப்பளத்தை நொறுக்க முடியாத பெரியவருக்கு வடையைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

இடம் பிடிப்பதற்காக, சாப்பிடுபவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் இன்றைய பந்திகளின் பெரிய அவலம். பின்னால் ஆள் நின்றால் யாருக்கும் தொண்டையில் இறங்காது. கூடத்தின் வாசலில் இருவரை நிறுத்தி, இருக்கும் இருக்கைகளின் கணக்குப்படி மட்டும் ஆட்களை உள்ளே விடுங்கள். காத்திருப்பவர்களுக்கு வெளியே நாற்காலியும் தண்ணீரும் இருக்கட்டும்.

சாப்பிடுபவர்களுக்கும் ஒன்று: பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் வரை பொறுங்கள். எழுந்தே ஆகவேண்டும் என்றால் ‘நீங்க மெதுவாச் சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டு எழுங்கள். சுப காரியங்களில் இலையை மேலிருந்து தன் பக்கமாக மடிப்பது பரவலான வழக்கம். துக்க வீட்டுச் சாப்பாட்டில் பல ஊர்களில் இது நேர்மாறு.

மகளின் திருமணப் பத்திரிகையை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா? அலைய உடம்பு ஒத்துழைக்கவில்லை.
– வாசகர், திருச்சி

உடம்பு முடியாதவர் அலைய வேண்டாம். ஆனால் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். முதலில் போனில் பேசி, நாளையும் நேரத்தையும் மண்டபத்தையும் வாயால் சொல்லி, ‘உடம்பு முடியலை, நேர்ல வந்து அழைச்சதா நினைச்சுக்கணும்’ என்று கேட்டுக்கொண்டு, பிறகு படத்தை அனுப்புங்கள். குழுவில் போடுவது அழைப்பு ஆகாது, அறிவிப்புதான். ஐம்பது பேருக்குப் பொதுவாகச் சொன்னதைத் தனக்குச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

தாய்மாமன், அத்தை, சம்பந்தி வீட்டார், குடும்பத்தின் மூத்தவர்கள் இவர்களுக்கு மட்டும் நேரில் போய்த்தான் ஆகவேண்டும். நீங்கள் போக முடியாவிட்டால் மகனும் மருமகளும் சேர்ந்து போகட்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகை. உறையின் மேல் பெயரை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் எதிரில் உட்கார்ந்து ‘உங்க இனிஷியல் என்ன?’ என்று கேட்பது, அவசரத்தில் வந்ததைக் காட்டிக்கொடுக்கும். ‘இதைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துடுங்க’ என்று இன்னொரு உறையை நீட்டினால் இரண்டு வீட்டிலும் மனவருத்தம் வரும்.

அச்சுக்குப் போகும் முன் பத்திரிகையை இரண்டு பக்கத்து மூத்தவர்களிடமும் காட்டுங்கள். விடுபட்ட ஒரு பெயர் பத்து வருடம் பேச்சாக ஓடும்.

தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பேருந்தில் இது சரியா?
– வாசகி, நாகர்கோவில்

வீட்டிலும் தெரிந்தவர்களிடமும் சரி. முன்பின் தெரியாதவரை, அதிலும் ஆண் பெண்ணைத் தொடுவது இன்னொரு சங்கடம். ‘மன்னிச்சுக்குங்க, தெரியாமப் பட்டுடுச்சு’ என்று முகம் பார்த்துச் சொன்னால் போதும்.

பேருந்து நிலையத்தில் பார்வையற்றவர்களுக்கு உதவ ஆசை. எப்படி என்று தெரியாமல் விலகிப் போய்விடுகிறேன்.
– மாணவி, தஞ்சாவூர்

தொடாதீர்கள், முதலில் பேசுங்கள். அருகில் போய், எதிரே நின்று, ‘சார், நான் ஒரு ஸ்டூடண்ட். எந்த பஸ்ஸுக்குப் போகணும், உதவி தேவையா?’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்மா’ என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு அந்த நிலையம் உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

சரி என்றால் அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால், உங்கள் உடம்பின் அசைவிலிருந்தே திருப்பமும் மேடும் பள்ளமும் அவருக்குத் தெரிந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால் எதுவும் தெரியாது, பயம்தான் வரும். வெள்ளைக் கோலைப் பிடித்து வழிகாட்டவே கூடாது. அது அவருக்குக் கண். படி வந்தால் ஒரு நொடி நின்று ‘மேல ஏறுற படி’, ‘கீழ இறங்குற படி’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘பார்த்து வாங்க’, ‘இங்க, அங்க’ என்பவற்றால் பயனில்லை. ‘உங்க வலது பக்கம், ரெண்டு அடியில’ என்று சொல்லுங்கள். உட்கார இடம் காட்டும்போது அவர் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டால் மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். சில்லறை கொடுக்கும்போது ‘இது ஐம்பது, இது இருபது’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் வையுங்கள்.

பலரும் மறப்பது ஒன்று: விலகும்போது ‘நான் கிளம்பறேன் சார்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொல்லாமல் போனால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அவரோடு துணைக்கு ஒருவர் இருந்தாலும், ‘இவர் எங்க போகணும்?’ என்று துணையிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

போனில் எத்தனை முறை அழைக்கலாம்?
– வாசகர், தூத்துக்குடி

ஒரு முறை. எடுக்காவிட்டால் என்ன விஷயம் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருங்கள். அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தால் அது ஆபத்துச் செய்தி என்றுதான் எதிர்ப்பக்கம் பதறும். எடுத்ததும் ‘இப்பப் பேசலாமா?’ என்று கேளுங்கள். ஸ்பீக்கரில் போடும் முன் ‘இங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

‘போறேன்’ என்று சொன்னால் பாட்டி திட்டுகிறார். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஏன்?
– எட்டாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி

பாட்டி சொல்வதற்கு நம் இலக்கணத்திலேயே இடம் உண்டு. தகுதி வழக்கு என்று ஒரு பாடம் உங்களுக்கு வரும். அதில் மூன்று வகை: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பலர் முன் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து, ‘கால் கழுவி வந்தேன்’ என்பதுபோலச் சொல்வது இடக்கரடக்கல். கேட்பவர் மனத்தை வருத்தும் சொல்லை மாற்றி நல்ல சொல்லால் சொல்வது மங்கலம். ‘செத்தார்’ என்பதை ‘இயற்கை எய்தினார்’ என்பதும், ‘சுடுகாடு’ என்பதை ‘நன்காடு’ என்பதும், ‘விளக்கை அணை’ என்னாமல் ‘குளிர வை’ என்பதும் அப்படித்தான். ‘போறேன்’ என்பதில் பிரிவு மட்டும் இருக்கிறது. ‘போயிட்டு வரேன்’ என்பதில், வாசலில் நிற்கும் பாட்டிக்கு நீங்கள் திரும்பி வரும் செய்தியும் கிடைக்கிறது.

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.
– வாசகர், காரைக்குடி

பேச வேண்டும் என்பதே இல்லை. மேலே பாட்டி சொன்ன விதி இங்கே தலைகீழாகிறது. துக்க வீட்டில் ‘வாங்க’ என்று வரவேற்க மாட்டார்கள்; நீங்களும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. இப்படியொரு நிலைமைக்கு மறுபடி வருவேன் என்பதுபோல ஆகிவிடும் அல்லவா? சொல்லாமல் எழுந்து வருவதே முறை. யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

போனதும் உரியவர் அருகில் உட்கார்ந்து, பழக்கத்துக்கு ஏற்பக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எப்படி ஆச்சு? எத்தனை மணிக்கு? எந்த ஆஸ்பத்திரி?’ என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முன் வந்த ஒவ்வொருவரும் அதைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் அந்த நேரத்துக்குள் மறுபடி போய் வருகிறார். விவரம் தெரிய வேண்டுமானால் வெளியே நிற்கும் உறவினரிடம் கேளுங்கள். ‘இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே’ என்பது எவ்வளவு அக்கறையோடு சொன்னாலும் ஆயுள் முழுக்க உறுத்தும் முள். ‘வயசாச்சு, கஷ்டப்படாமப் போயிட்டாங்க’ என்பதை அவர்களாகச் சொன்னால் தலையாட்டுங்கள், நீங்கள் தொடங்காதீர்கள். பேசித்தான் ஆகவேண்டும் என்றால் போனவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்லுங்கள். அது அந்த வீட்டாருக்குத் தெரியாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

கைகளுக்குத்தான் அங்கே வேலை அதிகம். அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. குழந்தைகளையும் மாத்திரை போடும் முதியவர்களையும் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய் இட்லி கொடுங்கள். ஃபிளாஸ்க்கில் காபி, தண்ணீர் கேன், காகிதக் கோப்பை, நாற்காலி, வெளியூரிலிருந்து வருபவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர ஒரு வண்டி. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘ஆறு மணி ட்ரெயினுக்கு நான் போய்க் கூட்டிட்டு வரேன்’ என்று ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், படம் எடுக்காதீர்கள்.

16ஆம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். வீடு திடீரென்று காலியாகும். அதற்கடுத்த வாரம், மாலை ஐந்து மணிவாக்கில், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கு அவர்களாகப் பேசுவார்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.